திட்டில் கிடந்தவனுக்கு வைத்த வெடி

நேற்றுக் காலை வயற்காவல்காரரின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. வரம்பின் மேல் ஒரு நரி. அதன் வாயில் காட்டுத்தாராவின் சிறகு தொங்குகிறது. நரி கமராவைப் பார்க்கவில்லை. அடுத்த காலை எங்கே வைப்பது என்று சேற்றைப் பார்க்கிறது. படத்துக்குக் கீழே, வெடி வைத்துச் சுடட்டா என்று கேட்டு, ஒரே ஒரு சொல்: "வைக்கட்டா?" அதற்கும் கீழே வரிசையாகப் பெருவிரல்கள்.

நான் பெருவிரல் போடவில்லை. பதில் எழுதத் தொடங்கினேன். அந்தச் சின்னக் கட்டத்துக்குள் அது அடங்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்களில் பலர் போன போகமும் இந்தப் போகமும்தான் துவக்குப் பத்திரம் எடுத்தவர்கள். என்னை உங்களுக்குத் தெரியாது. பனிச்சங்கேணிப் பக்கம் வாவியோடு ஒட்டிய நெல்வயல் வட்டையில் பன்னிரண்டு வருடம் பறவைக் காவல் நின்றவன். என் வலது காது எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. மற்றக் காதாவது மிஞ்சட்டும் என்று டொக்டர் சொன்ன கிழமையே துவக்கைப் பொலிசில் கொடுத்துக் கையெழுத்து வைத்தேன். ஐம்பத்தொரு வயதில் ஓய்வு பெற்ற காவல்காரன் நீ ஒருத்தன்தான் என்று எங்கள் வட்டவிதானை சொல்லிச் சிரிப்பார். வட்டையின் தண்ணீருக்கும் வேலிக்கும் காவலுக்கும் பொறுப்பானவர் அவர். சிரிக்கட்டும். ஐப்பசி பிறந்தால் இப்போதும் விடியுமுன் விழிப்பு வந்துவிடுகிறது. தோளைத் தடவிப் பார்க்கிறேன். வார் இல்லை. தழும்பு இருக்கிறது.

சட்டத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நரியை, முதலையை, பருந்தைத் தொடக்கூடாது என்று பத்திரம் தரும்போதே உங்களுக்கு வாசித்துக் காட்டியிருப்பார்கள். எனக்கும் வாசித்தார்கள். நானும் ஓம் என்று தலையாட்டிக் கையெழுத்து வைத்தேன். ஆனால் அந்தத் தாள் வீட்டுப் பெட்டியில் கிடக்கும். விடியற்புறம் வயல் ஓரத்தில் நிற்பது நீங்களும் துவக்கும் உங்கள் ரோசமும் மட்டும்தான். அந்த மூன்று பேரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் சின்னக் கதை. என் முதற்போகம். விதைத்த வயலில் தண்ணீர் கண்ணாடி போல நிற்கிறது. காட்டுத்தாராக்கள் இறங்கி முளையைக் கோதிக்கொண்டிருக்கின்றன. நான் வரம்புக்குப் பின்னால் நெஞ்சு நனையக் கிடக்கிறேன். கூட்டம் ஒன்றாகச் சேரட்டும், ஒரு வெடியில் இரண்டு மூன்று விழட்டும் என்று காத்துக் கிடக்கிறேன். சேரும் நேரம் பார்த்து ஒரு பருந்து தாழப் பறந்து வந்தது. வயலைத் துடைத்துவிட்டதுபோல அத்தனை தாராவும் கிளம்பி வாவிக்குப் போய்விட்டன. எனக்கு வந்த ஆத்திரத்தில் பருந்துக்கு வெடி வைத்தேன். படவில்லை. ஒரு இறகு மட்டும் சுழன்று சுழன்று தண்ணீரில் விழுந்தது.

வட்டவிதானை பல்லுத் தீட்டிக்கொண்டே வந்தார்.

"என்ன வெடி மனே அது?"

"பருந்து. தாராவெல்லாத்தையும் கிளப்பிப்போட்டுது."

"தாரா போயிற்றா?"

"முழுக்கப் போயிற்று."

அவர் துப்பினார். "அதுக்குத்தானே உனக்குத் துவக்குத் தந்தது. அந்தப் பருந்துக்கும் ஒள்ளுப்பம் சோறு போடு. உன்னை விட நல்லாக் காவல் பாக்குது."

காவற்குடிசையான வாடிக்குள் இருந்தவர்கள் ஒரு கிழமைக்கு என்னைப் பருந்துக்கு உதவியாள் என்று கூப்பிட்டார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று நான் படித்தது பிழையான பாடம். பருந்துக்குத் தோட்டாவை வீணாக்காதே என்று படித்தேன். நான் இங்கே எதற்காக நிற்கிறேன் என்று கேட்கப் படித்திருக்க வேண்டும். வயலில் பறவை இல்லாமற் செய்ய என்னை நிறுத்தியிருந்தார்கள். நானோ பறவை வரவேண்டும் என்று காத்துக் கிடந்தேன். காவல்காரன் எந்த இடத்தில் வேட்டைக்காரன் ஆனான் என்று எனக்கே தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள இன்னும் ஏழு வருடம் போயிற்று. இடையில் ஒரு முதலை வந்தது.

எங்கள் வட்டையின் வடிச்சல் வாய்க்கால் வாவியில் விழும் இடத்தில் ஒரு சேற்றுத்திட்டு இருக்கிறது. ஒரு வண்டி நிற்கும் அளவு. மாரியில் வெயில் ஏறினால் அந்தத் திட்டில் ஒரு முதலை வந்து கிடக்கும். பெரிது. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. முதலை என்றும் சொல்லமாட்டார்கள். அவன் என்பார்கள்.

திட்டுக்கு வடக்கே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், எட்டுப் பெண்கள் இறால் பிடிக்க வருவார்கள். வலை இல்லை, தோணி இல்லை. நெஞ்சளவு தண்ணீரில் குந்தி, தாடை தண்ணீரில் முட்ட, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவிப் பிடிப்பார்கள். இறாலைப் போடும் ஓலைப்பறி பக்கத்தில் மிதக்கும். அதன் கயிறு பல்லில் இருக்கும். கை இரண்டும் சேற்றில், வாய் கயிற்றில், கண் தண்ணீர் மட்டத்தில். தன்னைக் காக்க ஒன்றும் மிச்சமில்லாத வேலை அது. கரையில் நின்று பார்த்தால் தலைகள் மட்டும் தெரியும், தேங்காய் மிதப்பதுபோல.

அந்த எட்டுப் பேருக்கும் முன்னால் போகிறவள் யோகம். என் மனைவியின் அக்கா, எனக்கு மச்சாள். அவளின் புருசன் கட்டாரில் கொத்துவேலை செய்து, சாரத்தில் இருந்து விழுந்து, இடுப்புக்குக் கம்பி வைத்துத் திரும்பி வந்தவர். வீட்டில் உலை வைப்பது யோகத்தின் இரண்டு கையும்தான்.

அவர்களிடம் ஒரு முறை இருந்தது. காலையில் வந்ததும் யாரும் தண்ணீரைப் பார்ப்பதில்லை. திட்டைப் பார்ப்பார்கள். யோகம் வரம்பில் ஏறி நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்துச் சொல்வாள்: "கிடக்கான்." அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் சேலையைத் தூக்கிச் செருகுவார்கள். அவன் கிடந்தால் இறங்கலாம். கிடக்காவிட்டால் கரையில் குந்தியிருந்து வெற்றிலை போட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இறங்கிய பிறகும் ஒருத்தி கரையில் நிற்பாள். முறை வைத்து நிற்பார்கள். அவளுடைய வேலை திட்டை மட்டும் பார்ப்பது. அவன் அசைந்து தண்ணீருக்குள் போனால் தகரத்தைத் தட்டுவது. மற்றவர்கள் கரை ஏறியதும் ஆளுக்கு ஒரு கை இறாலை அவளுடைய பறிக்குள் போடுவார்கள். அதற்குப் பார்வைப் பங்கு என்று பெயர்.

இதையெல்லாம் ஏழு வருடமாக நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பார்த்தேன், விளங்கிக்கொள்ளவில்லை. எட்டுப் பெண்கள் ஒரு முதலைக்குப் பயந்து பயந்து தொழில் செய்கிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. தோளில் துவக்கோடு நான் ஒருவன் நிற்கிறேனே என்றும் பட்டது.

அந்த ஐப்பசியில் தாரா அதிகம். ஒரு விடியலில் நான் வைத்த வெடியில் இரண்டு விழுந்தன. ஒன்று வயலில். மற்றது இழுபட்டுப் போய் வாய்க்கால் வாயில் விழுந்தது. எடுக்கப் போனேன். நான் குனியுமுன் தண்ணீர் ஒருதரம் வாயைத் திறந்து மூடியது. தாரா இல்லை. இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் வாடியில் இருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடந்தது.

"நம்மட காவல்காரன் சுடுறான், அவன் சமைக்கிறான்" என்றார் வட்டவிதானை. "இனிக் கறித்தூளும் அங்கயே குடுத்து விடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

வெயில் ஏறியதும் அவன் திட்டில் வந்து கிடந்தான். என்னுடைய தாரா வயிற்றுக்குள் இருக்க, வாயைப் பிளந்து வெயில் குடித்தான். நான் வாய்க்கால் கரையோடு பதுங்கிப் போனேன். பெண்கள் வரும் நேரம். அவர்களுக்காகத்தான் செய்கிறேன் என்று மனம் சொல்லிக்கொண்டே வந்தது. ஒரு காரியத்துக்கு இரண்டு காரணம் ஒன்றாக வந்தால் எச்சரிக்கையாக இருங்கள், தம்பிமாரே. நல்ல காரணம் பேசிக்கொண்டிருக்கும். விசையை இழுப்பது மற்றக் காரணம்.

துவக்கில் இருந்தது பறவைச் சன்னம், முதலையைக் கொல்லாத சின்னக் குண்டுகள். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் வைத்தேன்.

அவன் துள்ளவில்லை. வால் ஒருதரம் சேற்றை அறைந்தது. பிறகு திட்டு வெறுமையாக இருந்தது. சேற்றில் ஒரு இழுவை, அதன் ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு. தலையின் இடது பக்கம் சன்னம் கொட்டியதைக் கண்டேன். கண் போயிருக்கும்.

பெண்கள் வந்தார்கள். நான் துவக்கைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கலியாணவீட்டில் மாப்பிள்ளைத் தோழன் நிற்பதுபோல நின்றேன்.

"இனிப் பயமில்லாம இறங்குங்க மச்சாள். குடுத்திட்டன்."

யோகம் திட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பவும் திட்டைப் பார்த்தாள்.

"செத்தானா?"

"செத்திருப்பான்."

"கண்டயா?"

"இல்ல. தண்ணிக்குள்ள போயிற்றான்."

"அப்ப இப்ப எங்க கிடக்கான்?"

வாவியைப் பார்த்தேன். எவ்வளவு பெரிய வாவி. அதுவரை அவன் இருந்தது ஒரு வண்டி நிற்கும் இடத்தில். என் ஒரு வெடியோடு வாவி முழுவதும் அவனாகிவிட்டது.

யோகம் பறியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிறுகித் திரும்பி நடந்தாள். மற்ற ஏழு பேரும் பின்னால் நடந்தார்கள். ஒருத்தி மட்டும் போகிற போக்கில் சொன்னாள்: "நீங்க தாராவோடயே நிண்டிருக்கலாம் அண்ணன்."

பன்னிரண்டு நாள் திட்டு வெறுமையாகக் கிடந்தது. ஒவ்வொரு காலையும் அவர்கள் வந்தார்கள். யோகம் வரம்பில் ஏறிப் பார்ப்பாள். ஒன்றும் சொல்லாமல் இறங்குவாள். அந்தச் சொல்லாத சொல்லை நான் வாடியில் இருந்து கேட்டேன். பாசிக்குடா ஹோட்டல்களுக்கு இறால் ஏற்றும் ஐஸ்பெட்டிக்காரன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி இரண்டு நாள் பார்த்தான். மூன்றாம் நாள் நிறுத்தாமல் போனான். நான் பிணம் தேடினேன். ஈர மணலில் கரையோரம் முழுக்க நடந்து, காகம் கூடும் இடமெல்லாம் போய்ப் பார்த்தேன். வேண்டிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். ஒரு கெட்ட மணத்துக்காக மனிதன் இப்படி ஏங்குவானா என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். மணம் வரவில்லை.

பதின்மூன்றாம் நாள் யோகம் வாடிக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"நான் இறங்கப்போறன்."

"விசரா மச்சாள் உனக்கு? இன்னும் ஒரு கிழமை பாப்பம்."

"ஒரு கிழமைக்கு உன்ர துவக்கையா அவிச்சுத் தின்னுறது? இறால் வந்திரிக்கு. பிந்தினா ஒண்டுமில்ல. மற்றவளுகள் கரையில நிக்கட்டும். நான் மட்டும் இறங்கிப் பாக்கிறன்." பிறகு சொன்னாள்: "கரையில நீ நிக்கிறாய். பார்வையக் கெடுத்தவன் நீ. நீயே பார்."

நான் நின்றேன். பக்கத்தில் வட்டவிதானை. பின்னால் ஏழு பெண்கள். அவள் தண்ணீருக்குள் போகும்போது வாவி சத்தமே போடவில்லை. இடுப்பு, நெஞ்சு, தோள். பிறகு குந்தினாள். தலை மட்டும். கயிற்றைப் பல்லில் எடுத்தாள்.

ஒரு பெரிய தண்ணீரைப் பார்ப்பது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. திட்டைப் பார்ப்பது சுலபம். ஒரு இடம், ஒரு உடம்பு. இப்போது கண்ணை எங்கே வைப்பது? ஒரு இடத்தைப் பார்த்தால் மற்ற இடமெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. இரண்டு கண்ணும் எரியத் தொடங்கின. இமைக்கும்போதுதான் வருவான் என்று தோன்றியது. காற்று தண்ணீரைச் சுருக்கினால் நெஞ்சு சுருங்கியது. மீன் துள்ளினால் கை துவக்குக்குப் போனது.

அவள் இரண்டு தரம் பறிக்குள் கையை விட்டுவிட்டாள். இறால் கிடைக்கிறது. பின்னால் நின்ற ஒருத்தி மெதுவாகச் சிரித்தாள். அந்த நேரம் கண்டேன்.

அவளுக்கும் கரைக்கும் நடுவில். அவளிடமிருந்து பதினைந்து எட்டுத் தூரம் இருக்கும். முதலில் இரண்டு குமிழ், பிறகு முன்னால் மூக்கு. தடிபோல அசையாமல் மிதந்தான். முகம் திட்டுப் பக்கம். வெடி பட்ட இடது கண் யோகத்தின் பக்கம். அது மூடிக் கறுத்து வீங்கிக் கிடந்தது. நல்ல கண் எங்கள் பக்கம்.

அவன் எங்களைப் பார்த்தான். அவளைக் காணவில்லை. அவளும் அவனைக் காணவில்லை. அவள் முகம் அக்கரைப் பக்கம்.

"வை" என்றார் வட்டவிதானை. காற்றாகத்தான் சொன்னார். "வெடிய வை. வையன் மனே."

துவக்குத் தோளுக்கு வந்துவிட்டது. அது தானாக வந்தது, பழக்கம். குறியும் வந்துவிட்டது. பின்னால் ஒருத்தி கத்த வாயைத் திறக்க, மற்றவள் அவளின் வாயைப் பொத்திய சத்தம் கேட்டது.

தம்பிமாரே, அந்த நேரம் மிகவும் நீளமானது. அதற்குள் நான் நினைத்ததை எழுதினால் ஒரு பக்கம் வரும். சன்னம் தண்ணீரில் பட்டுத் தெறித்தால் அவளின் முகத்துக்குப் போகும். சரி, தெறிக்காது. பட்டால் சாவானா? அன்றைக்குச் செத்தானா? சாகாமல் தண்ணீருக்குள் தாண்டால் எங்கே போவான்? கத்தினால் அவள் பதறி எழும்பிக் கரைக்குத்தான் ஓடி வருவாள். கரைக்கு வரும் வழியில்தான் அவன் மிதக்கிறான். எதை நினைத்தாலும் கடைசியில் வந்து நின்றது அவள் கேட்ட அந்தக் கேள்விதான். இப்ப எங்க கிடக்கான்? இந்தக் கணத்தில் அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. பன்னிரண்டு நாளாக இல்லாத பதில். விசையை இழுத்தால் அதுவும் போய்விடும்.

துவக்கை இறக்கினேன். வட்டவிதானை என் கையைப் பிடித்து உலுக்கினார். நான் வாயைத் திறந்தேன். யோகம் வரம்பில் நின்று ஒவ்வொரு நாளும் எப்படிச் சொல்வாளோ அப்படி, தேத்தண்ணி குடிக்கக் கூப்பிடும் குரலில் சொன்னேன்:

"மச்சாள். கிடக்கான்."

அவள் அசையவில்லை. தலை அப்படியே நின்றது. கயிறு பல்லில். கேட்டுவிட்டாள் என்பது, பறி அசையாமல் நின்றதில் தெரிந்தது.

"உனக்கும் எங்களுக்கும் நடுவுல. திட்டுப் பக்கம் பாத்துக் கிடக்கான். கண்டதில்ல உன்ன. வடக்க மணல்மேட்டுக்குப் போ. எழும்பாத. குந்தினபடி போ."

மணல்மேடு அறுபது எட்டுக்கு அப்பால். முழங்கால் தண்ணீர். அவள் போகத் தொடங்கினாள். போகிறாள் என்று சொல்ல முடியாது. தலை ஒரு கொக்கின் நிழல்போல நகர்ந்தது. ஒரு எட்டு. நான் சொன்னேன், கிடக்கான். இன்னொரு எட்டு. கிடக்கான். அந்தச் சொல்லை நிறுத்தப் பயமாக இருந்தது. நான் நிறுத்தினால் அவன் போய்விடுவான் போல. கிடக்கான். கிடக்கான். நாக்கு வறண்டு பலகையாகிவிட்டது. பக்கத்தில் வட்டவிதானையும் உதட்டுக்குள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பாதி தூரம் போயிருப்பாள். அவன் தாண்டான். தண்ணீர் அவனைக் குடித்தது. ஒரு வளையம்கூட இல்லை.

என் வாயில் அடுத்த "கிடக்கான்" ஏற்கனவே வந்து நின்றது.

சொல்லிவிடலாம். அவளுக்குத் தெரியாது. இன்னும் முப்பது எட்டு, தைரியமாகப் போவாள். உண்மையைச் சொன்னால் பதறுவாள். என் முழு உடம்பும் பொய்யைச் சொல் என்றது. அன்பும் அதைத்தான் சொன்னது. ஆனால் கரையில் நிற்பவளுக்குப் பங்கு கொடுப்பது ஆறுதல் சொல்வதற்கா? அவளின் கண்ணை இவள் கடனாக வாங்கியிருக்கிறாள். வாங்கிய கண் பொய் சொன்னால் அது குருடு.

"தாண்டுட்டான் மச்சாள்," என்றேன். "காணல்ல."

அவள் நின்றாள். ஓடவில்லை, எழும்பவில்லை. அப்படியே தறி நட்டதுபோல நின்றாள். வாவியில் அசைவது ஒன்றும் இல்லை. அவள் இல்லை, காற்று இல்லை, நாங்கள் இல்லை. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். வட்டவிதானை என் தோளைப் பிடித்த இடத்தில் நகம் பதிந்த அடையாளம் மூன்று நாள் இருந்தது.

திட்டுக்குப் பக்கத்தில் பழைய வலைக்கம்பு ஒன்று நட்டுக் கிடந்தது. அதன் மேல் ஒரு கொக்கு. அந்தக் கொக்கு கழுத்தை நீட்டிக் கீழே பார்த்தது. பிறகு கிளம்பியது.

அவன் திட்டுப் பக்கம் போய்விட்டான் என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் நான் கண்டது அவனை அல்ல. கண்டதை மட்டும் சொன்னேன்.

"திட்டடிக் கம்பில நிண்ட கொக்கு கிளம்பிற்று."

அதை வைத்து அவளே முடிவெடுத்தாள். நகர்ந்தாள். முன்பு போலவே மெதுவாக. நான் அந்த வலைக்கம்பைப் பார்த்தபடி ஒன்றும் சொல்லாமல் நின்றேன். சொல்ல ஒன்றும் இல்லை. மணல்மேட்டில் அவளின் தோள் வெளியே வந்தது, பிறகு இடுப்பு, பிறகு முழங்கால். அங்கே போய்த்தான் கயிற்றைப் பல்லில் இருந்து துப்பினாள். குந்தினாள். முகத்தை மூடினாள். எழுந்தாள். மணல்மேட்டில் இருந்து கரைக்கு முழங்கால் தண்ணீர்தான். அந்தப் பக்கத்தால் சுற்றி நடந்து வந்தாள்.

பெண்கள் ஓடிப்போய்ப் பிடித்தார்கள். அவள் எல்லோரையும் விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது. பறிக்குள் கையை விட்டு ஒரு கை இறாலை எடுத்து, என் உள்ளங்கையை விரித்து வைத்தாள். ஆறோ ஏழோ இருக்கும். துடித்துக்கொண்டிருந்தன.

"என்ன இது?"

"பார்வைப் பங்கு." உதடு நீலமாக நடுங்கியது. "நல்லாப் பாடினாய். ஒரு சொல்லுப் பாட்டு."

நான் ஒரு நாள், பிறகு, அவளிடம் சொல்லிப் பார்த்தேன்: என் வெடியால் அந்தக் கண் போனதால்தானே மச்சாள் அவன் உன்னைக் காணவில்லை. என்னைத் தேற்றிக்கொள்ளத்தான் சொன்னேன். அவள் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "நீ வெடி வைக்காட்டி அவன் அந்த நேரம் அங்க ஏன் வாறான்? திட்டிலயெல்லோ கிடப்பான்." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்தப் போகம் நான் வாய்க்கால் வாய்ப் பக்கம் ஒரு வெடியும் வைக்கவில்லை. தகரம் தட்டினேன், கயிற்றில் டின் கட்டி இழுத்தேன், கத்தினேன். கொஞ்சம் முளை போனது. வட்டவிதானை ஒன்றும் சொல்லவில்லை. வருகிறவர்களிடம் மட்டும், எங்களிட்ட இப்ப துவக்கில்லாத துவக்குக்காரன் இரிக்கான் என்று அறிமுகம் செய்துவைப்பார். கறிக்குத் தாரா இல்லை. பருந்து வந்தபோது வரம்பில் குந்தியிருந்து பார்த்தேன். வயல் முழுக்கக் கிளப்பிக்கொண்டு போனது. நன்றாகத்தான் காவல் பார்க்கிறது.

ஆகவே தம்பி, நரியின் படம் போட்டவரே. உங்கள் நரி என் முதலை இல்லை, தெரியும். உங்கள் வட்டையில் யார் அந்த நரியைப் பார்த்து என்ன முடிவெடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். எனக்கு ஏழு வருடமாகத் தெரிந்திருக்கவில்லை. தாராவைக் கொண்டுபோகிறது என்றால், அந்தத் தாரா வயலை விட்டுப் போய்விட்டது. உங்கள் வேலை முடிந்தது. மிச்சம் இருப்பது ரோசம். அதற்குத் தோட்டா தரவில்லை. விசையில் விரல் இருக்கும்போது அவள் கேட்டதை ஒருதரம் கேட்டுப் பாருங்கள். வைத்த பிறகு அவன் எங்கே கிடப்பான்? பதில் தெரியாவிட்டால் இறக்குங்கள்.

அந்தப் போகமே, தை பிறந்து, நெல் வேளாண்மை கதிராகும் காலத்தில் ஒரு காலை. யோகம் வரம்பில் ஏறினாள். கண்ணுக்கு மேல் கையை வைத்தாள். வழக்கத்துக்கு மாறாக இரண்டாம் கையையும் வைத்தாள். நான் வாடி வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றேன்.

"கிடக்கான்" என்றாள்.

எட்டுப் பேரும் சேலையைச் செருகினார்கள். ஒருத்தி சிரித்தாள். ஐஸ்பெட்டிக்காரனுக்கு யாரோ போன் எடுத்தார்கள். நான் கோப்பையை வைத்துவிட்டு வாய்க்கால் கரையோடு போனேன், துவக்கு இல்லாமல். அவன்தான். முன்பெல்லாம் தண்ணீரைப் பார்த்துக் கிடப்பான். இப்போது திரும்பிக் கிடந்தான். மூடிய கண் வாவிக்கு, திறந்த கண் என் வாடிக்கு. அதற்குப் பிறகு நான் நின்ற ஐந்து போகமும் அப்படித்தான் கிடந்தான்.

நான் வாசலுக்கு வரும்போதெல்லாம் அந்தக் கண் என் மேல் இருக்கும். நான் அசைந்தால் அதுவும் அசையும். பெண்கள் அவனுக்கு முதுகைக் காட்டி இறால் தடவுவார்கள். அவன் என்னைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். பார்த்துக்கொண்டே கிடக்கட்டும் என்று நானும் அசையாமல் நிற்பேன்.